நகரத் திட்டமிடல் படிக்கப் போகிறீர்களா? கொழும்புப் பிள்ளைகளுக்கு உயர்தரம் தொடக்கம் வேலை வரை ஒரு முழு வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வருகிற கிழமையில் எனக்கு நாலைந்து அழைப்புகள் தவறாமல் வரும். வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாமா, சில வேளை பிள்ளையே எடுக்கும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, பிள்ளைக்கு இன்ஜினியரிங் வராது போல கிடக்கு. மொரட்டுவையில டவுன் பிளானிங் எண்டு ஒண்டு இருக்காமே, அது என்ன? படிச்சா வேலை கிடைக்குமே?"

தொலைபேசியில் பத்து நிமிடத்துக்குள் இதற்குப் பதில் சொல்லி முடிக்க என்னால் முடிந்ததில்லை. நான் அந்தப் பட்டத்தைப் படித்தவன், இதே நகரத்தில் அந்த வேலையைச் செய்கிறவன். தமிழ் பேசும் பிள்ளைகள் இந்தத் துறைக்கு இன்னும் பலர் வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவன். ஏன் என்பதை நாலாவது படியில் சொல்கிறேன். இப்போது முதல் படியிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: விண்ணப்பிக்க முன் ஒரு ஒழுங்கையில் நடந்து பாருங்கள்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் காலி வீதியில் இறங்கி, கடற்பக்கம் போகிற ஏதாவது ஒரு ஒழுங்கையால் மரைன் டிரைவ் வரை நடவுங்கள். ராமகிருஷ்ண வீதியாக இருந்தாலும் சரி, பக்கத்து ஒழுங்கையாக இருந்தாலும் சரி. கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். வீதி எத்தனை அடி அகலம் என்று காலடியால் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு கட்டடமும் எத்தனை மாடி, கீழே வாகனம் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்களா, வீதியோரம் எத்தனை கார் நிற்கிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஒரு அம்மா பிள்ளையைக் கைபிடித்து நடக்கிற அளவுக்கு ஓரம் இருக்கிறதா, ஒரு மரமாவது மிஞ்சியிருக்கிறதா. எல்லாவற்றையும் குறியுங்கள்.

ஒரு காலத்தில் ஒரு வீடும் ஒரு முற்றமும் இருந்த காணியில் இன்று பத்து, இருபது குடும்பங்கள் தொடர்மாடியில் இருக்கின்றன. ஒழுங்கையின் அகலம் அப்படியே இருக்கிறது. வடிகானும் பெரிதாக மாறவில்லை. இவ்வளவு பேர் இங்கே வரலாம் என்று யார் தீர்மானித்தார்கள்? எந்த விதியின்படி? அந்த விதி சரியா? இந்தக் கேள்விகள் உங்களைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போன பிறகும் விடவில்லை என்றால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்தும். கொப்பியை மூடியதும் எல்லாம் மறந்துபோனால் வேறு துறையைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நாலு வருடம் மிச்சம்.

கட்டடக் கலைஞரோடு எங்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அவருக்கு ஒரு காணி தருவார்கள், அதற்குள் என்ன எழும்ப வேண்டும் என்று யோசிப்பார். நில அளவையாளர் அந்தக் காணியின் எல்லையை அளந்து தருவார். கட்டடம் விழாமல் நிற்பதைப் பொறியியலாளர் பார்த்துக்கொள்வார். ஆயிரக்கணக்கான காணிகளையும் அவற்றுக்கு நடுவில் ஓடுகிற வீதி, வாய்க்கால், பஸ், பள்ளிக்கூடம், சந்தை, சதுப்பு நிலம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அடுத்த பத்து இருபது வருடத்தில் என்ன எங்கே வரலாம், என்ன வரவே கூடாது என்று வகுப்பது திட்டமிடலாளரின் வேலை. அதில் பாதி வரைபடம் என்றால் மீதி சட்டமும் பொருளாதாரமும் மனிதர்களோடு பேசுவதும்தான்.

கொழும்புக்கு இது புதிய விஷயமும் இல்லை. ஸ்கொட்லாந்துக்காரர் பற்றிக் கெடெஸ் 1921 இல் இந்த நகரத்துக்கு ஒரு திட்டம் எழுதினார். 1940களின் கடைசியில் பற்றிக் அபர்க்ரொம்பி கொழும்பையும் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்து ஒரு பிராந்தியத் திட்டம் தந்தார். பட்டின, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் 1946 இல் வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை, அதாவது எல்லோரும் யூ.டி.ஏ. என்று சொல்வது, 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இந்தப் பெயர்களை இப்போதே பாடமாக்க வேண்டாம். முதலாம் வருடத்தில் தானாக மனதில் பதியும்.

இரண்டாம் படி: பாடங்களும் விண்ணப்பமும்

இலங்கையில் இதற்கென்று உள்ள முக்கியமான அரச பட்டம் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில், கட்டடக்கலைப் பீடத்தில், பட்டின நாட்டுத் திட்டமிடல் துறையில் இருக்கிறது. நாலு வருடச் சிறப்புப் பட்டம். படிப்பு ஆங்கில மொழியில். அரச பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது. தகுதி இருந்தால் மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள படிப்பு என்று நினைத்து, புவியியலும் பொருளியலும் எடுத்த கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத பயம். என்னோடு படித்தவர்களில் புவியியலில் ஊறி வந்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தவுடனேயே நிலத்தைப் புரிந்துகொண்டார்கள், நாங்கள் கணக்குப் போட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தோம். உங்களுடைய பாடச் சேர்க்கை தகுதி பெறுகிறதா என்பதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கையேடுதான் ஒரே ஆதாரம். ரியூஷன் சேர் சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார் என்று முடிவெடுக்க வேண்டாம். அந்த வருடக் கையேட்டை வாங்கி, இந்தப் பட்டத்துக்குரிய பக்கத்தை ஒரு வரி விடாமல் நீங்களே வாசியுங்கள். சாதாரண தரத்தில் இருக்கிறவர்கள் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கைவிடாதீர்கள். பிறகு கதவு மூடிக்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டிலும்தான்.

அனுமதி இசட் புள்ளியில். பொதுவாக 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகும். கொழும்பு மாவட்டப் பிள்ளைகளுக்குப் போட்டி கடுமையாக இருப்பது உங்களுக்கே தெரியும்.

கூடுதலான பிழை நடப்பது விருப்ப வரிசையில். விண்ணப்பத்தில் படிப்புகளை நீங்கள் எழுதுகிற ஒழுங்கில்தான் பார்ப்பார்கள். உங்கள் புள்ளி எட்டுகிற முதலாவது படிப்பு எதுவோ அதைத் தருவார்கள், அதற்குக் கீழே எழுதியவற்றைப் பார்க்க மாட்டார்கள். ஆகவே சும்மா நிரப்புவதற்காக ஒரு படிப்பை மேலே போட்டுவிட்டு, உண்மையாக விரும்பியதைப் பதினைந்தாவது இடத்தில் வைத்தால் அது உங்கள் கைக்கு வராது. வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்து, ஒவ்வொரு வரியையும் "இது கிடைத்தால் போவேனா?" என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாம் படி: மொரட்டுவை கிடைக்கவில்லையென்றால்

வழி முடிந்துவிடவில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் புவியியலைச் சிறப்பாகப் படித்து, பிறகு திட்டமிடலில் முதுமாணி செய்தவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். சப்ரகமுவவில் நில அளவை விஞ்ஞானம், ஸ்ரீ ஜயவர்த்தனபுரவில் காணி மதிப்பீடும் முகாமைத்துவமும் பக்கத்துத் துறைகள். கட்டடக்கலை, சிவில் பொறியியல், பொருளியல், சமூகவியல் படித்தவர்களும் முதுமாணி வழியாக வரலாம். மொரட்டுவையிலேயே வேலை செய்துகொண்டு படிக்கக்கூடிய பட்டப்பின் படிப்புகள் இருக்கின்றன.

வசதி உள்ளவர்களுக்கு இந்தியாவும் ஒரு நல்ல தெரிவு. டெல்லி, போபால், விஜயவாடாவில் திட்டமிடலுக்கும் கட்டடக்கலைக்கும் என்றே தேசியக் கல்லூரிகள் உண்டு. அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதுநிலைத் திட்டமிடல் படிக்கலாம். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்களுக்கு இலங்கை மாணவர் ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்கிறார்கள், கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவித்தலை வெளியிடும்.

தனியார் நிறுவனத்தில் சேர்க்கிறீர்கள் என்றால் காசு கட்டமுன் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்தப் பட்டத்தை எங்கள் தொழில்முறை அமைப்பான இலங்கை நகரத் திட்டமிடலாளர் நிறுவனம் உறுப்புரிமைக்கு ஏற்றுக்கொள்கிறதா? பதில் வாயால் மட்டும் வந்தால் திட்டமிடலாளர் நிறுவனத்திடமே போய் உறுதிப்படுத்துங்கள்.

நாலாம் படி: நாலு வருடமும் என்ன நடக்கும்

புறக்கோட்டையிலிருந்து 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறி கட்டுபெத்தச் சந்தியில் இறங்கி, உள்ளே பண்டாரநாயக்க மாவத்தையால் போனால் கம்பஸ். வெள்ளவத்தை, தெஹிவளைப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் ஸ்டூடியோ வேலை இருக்கிற நாட்களில் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவீர்கள் என்பதையும் வீட்டில் முதலே சொல்லி வையுங்கள்.

விரிவுரையில் திட்டமிடல் கோட்பாடு, நகரப் பொருளியல், போக்குவரத்து, சுற்றாடல், சட்டம், புள்ளிவிபரவியல், ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத்தோடு தரவையும் சேர்த்துக் கையாளும் முறை) எல்லாம் வரும். இவை முக்கியம்தான். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் ஸ்டூடியோவில் இருக்கிறது. உங்கள் குழுவுக்கு ஒரு உண்மையான இடத்தைத் தருவார்கள். அங்கே போய், அளந்து, எண்ணி, ஆட்களோடு பேசி, தரவைக் கொண்டுவந்து, பிரச்சினையைக் கண்டுபிடித்து, ஒரு திட்டம் செய்து, ஒரு கூட்டம் விரிவுரையாளர் முன்னால் நின்று அதைக் காப்பாற்ற வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் கால் நடுங்கும்.

எனக்கு இந்தப் படிப்பு என்னவென்று விளங்கிய நாளைச் சொல்கிறேன். கொழும்பு வடக்கில், தோட்டம் என்று நாங்கள் சொல்கிற நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் குடும்பங்களைக் கணக்கெடுக்கப் போயிருந்தோம். எங்கள் கையில் இருந்த படிவம் கதவு இலக்கத்தை வைத்துத் தயாரித்தது. ஒரு கதவு, ஒரு குடும்பம். குழுவில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். படிவத்தில் "குடும்பம் 1, ஆட்கள் 11" என்று எழுதியாகிவிட்டது. கிளம்பும்போது நான் சும்மா, "அம்மா, ஆரு சமைக்கிறது, நீங்களே?" என்று கேட்டேன். அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கீழே ஒரு அடுப்பு, அவருடையது. பலகைப் படியால் ஏறினால் மேலே மூத்த மகனுடைய அடுப்பு. பின்னால் தகரம் அடித்த இடத்தில் மகளுடைய அடுப்பு. ஒரு கதவு, மூன்று அடுப்பு, மூன்று குடும்பம்.

அன்று திரும்பிப் போய் முதல் வீட்டிலிருந்து மறுபடியும் எண்ணினோம், இந்த முறை அடுப்பை வைத்து. கணக்கு வெகுவாக மாறியது. இது பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் முக்கியமான வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட இடத்து மக்களை மாடிவீட்டுக்கு மாற்றுகிறபோது கதவுக்கு ஒரு வீடு என்று கொடுத்தால், இரண்டு குடும்பங்கள் எங்கே போகும்? பதினோரு பேரும் 400, 500 சதுர அடிக்குள் எப்படி இருப்பார்கள்? வாசலில் இடியப்பம் அவித்து விற்ற மகள் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்?

இந்த நகரம் இரண்டு வழிகளையும் பார்த்திருக்கிறது. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், மக்கள் இருக்கிற இடத்திலேயே தங்கள் வீட்டைத் திருத்திக் கட்ட உதவினார்கள். ஒரு காணித்துண்டு குறைந்தது 6 பேர்ச்சஸ் இருக்கவேண்டும் என்ற பொது விதியை அந்தக் குடியிருப்புகளுக்காகத் தளர்த்தி, 2 பேர்ச்சஸ் துண்டுகளையும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வந்தது மாடிவீட்டு வழி. 2001 இல் பொரளைப் பக்கம் எழுந்த சஹஸ்புர அதன் தொடக்கம், போருக்குப் பிந்திய வருடங்களில் தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கமெல்லாம் உயர்ந்த கோபுரங்கள் வந்தன. என் மனம் முதல் வழியோடு நிற்கிறது. மறுபக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய்க்கால் கரையில் வருடத்துக்கு இரண்டு தரம் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறவருக்கு மாடிவீடு பெரிய நிம்மதி. ஸ்டூடியோவில் இந்த வாதத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் செய்யப் பழகுவீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் வரவேண்டும் என்று நான் ஆசைப்படுவதன் காரணம் அந்த மூன்று அடுப்புத்தான். கொழும்பின் வடக்கிலும் மத்தியிலும், முகத்துவாரம், ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு என்று, திட்டங்கள் அதிகம் தொடுகிற இடங்களில் பெருந்தொகையானவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். திட்டம் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிவது பல நேரம் சுவரில் இலக்கம் அடித்த பிறகுதான். கணக்கெடுக்கிற கூட்டத்திலும் வரைபடத்தை விரிக்கிற மேசையிலும் அவர்கள் மொழியில் கேட்க ஒருவர் இருந்தால், எண்ணே மாறிவிடுகிறது.

இதே அக்கறை மலையகத்துக்கும் வேண்டும். பிரதேச சபைகள் பெருந்தோட்டப் பகுதிகளில் வேலை செய்யச் சட்டத்தில் இருந்த தடையை 2018 இல்தான் திருத்தினார்கள். 2014 ஒக்ரோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடம் இருந்தும், அது அங்கே இருக்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்து, போவதற்கு வேறு காணியும் கிடைக்கும்வரை அது பாதி வேலைதான். நுவரெலியா, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உங்களைத்தான் நினைத்து எழுதுகிறேன்.

ஐந்தாம் படி: கைக்கருவிகளும் மொழிகளும்

மென்பொருளை இரண்டாம் வருடம்வரை தள்ளிப்போடாதீர்கள். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற திறந்த இணைய வரைபடத்திலிருந்து உங்கள் வட்டாரத்தின் வீதிகளை இறக்கி, முதல் படியில் கொப்பியில் எழுதியவற்றை அதில் ஏற்றிப் பாருங்கள். ஒரு கிழமை விடுமுறை போதும். பிறகு ஓட்டோகாட், ஸ்கெச்சப், படங்களைச் சீர்செய்ய ஏதாவது ஒன்று. கையால் வரைவதையும் விடாதீர்கள். மக்களோடு நடக்கும் கூட்டத்தில் மடிக்கணினியைத் திறந்தால் எல்லோரும் பின்வாங்குவார்கள். பிரவுண் தாளில் மார்க்கரால் ஒழுங்கையைக் கீறினால், "இல்லை தம்பி, குழாய் இந்தப் பக்கம்" என்று ஆளே வந்து பேனையை வாங்கும்.

தரவுக்கு நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களும், தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கிராம சேவகர் பிரிவு வாரியான எண்களும் அடிப்படை. கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகள், 557 கிராம சேவகர் பிரிவுகள். உங்கள் பிரிவு எது என்று தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே தேடுங்கள்.

மொழி விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆங்கிலம் இல்லாமல் பட்டத்தை முடிக்க முடியாது. சிங்களம் இல்லாமல் வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது. அரச சேவைக்குப் போனால் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டவும் வேண்டும். தமிழ் மொழிமூலப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவர்கள் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கிற மாதங்களில் இரண்டையும் பிடியுங்கள். முதல் வருடம் விரிவுரை பாதி விளங்காமல் அழுதவர்கள் எனக்குத் தெரியும், அவர்களே கடைசி வருடத்தில் மூன்று மொழியிலும் கூட்டம் நடத்தினார்கள்.

ஆறாம் படி: பயிற்சிக் காலத்தை வீணாக்காதீர்கள்

படிப்பின் நடுவில் தொழிற்பயிற்சிக்கு அனுப்புவார்கள். பலர் வீட்டுக்குக் கிட்ட உள்ள கந்தோரைத் தேர்ந்தெடுத்து, போட்டோகொப்பி எடுத்தே காலத்தைக் கழிப்பார்கள். எனக்கும் முதல் மாதம் ஒரு கந்தோரில் கோப்பு அடுக்குவதிலேயே போனது. பிறகு நானாகவே போய், திட்டக் குழுக் கூட்டத்தில் பின் வரிசையில் இருக்க அனுமதி கேட்டேன். கட்டட அனுமதி, நாங்கள் பிளான் பாஸ் என்று சொல்வது, எப்படி நடக்கிறது என்று அங்கேதான் பார்த்தேன். ஒரு விண்ணப்பம் வந்தால் வீதி அகலம், வீதி எல்லை, காணியில் எத்தனை வீதத்தை மூடலாம், தளப் பரப்பு விகிதம் (எல்லா மாடிகளின் பரப்பும் சேர்ந்து காணியின் எத்தனை மடங்கு), வாகனத் தரிப்பிடம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 2021 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளை ஒரு தடவை முழுக்க வாசித்துவிட்டுப் பயிற்சிக்குப் போனால், மற்றவர்கள் மூன்று மாதத்தில் கற்பதை மூன்று கிழமையில் பிடித்துவிடலாம்.

செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு கோப்பாகச் சேர்த்து வையுங்கள். வேலைக்கு எடுக்கிறவர் அழகான கடைசி வரைபடத்தை ஒரு நிமிடம்தான் பார்ப்பார். தரவை எப்படி எடுத்தீர்கள், முதலில் எதைப் பிழையாக நினைத்தீர்கள், பிறகு எதை மாற்றினீர்கள் என்பதில்தான் அவருடைய கேள்விகள் வரும்.

ஏழாம் படி: வேலை

பெற்றோர் காத்திருந்த பகுதி இது. அரச பக்கத்தில் முதலாவது பெயர் யூ.டி.ஏ. தலைமைக் கந்தோர் பத்தரமுல்லை செத்சிரிபாயவில், நாட்டின் மற்றப் பகுதிகளிலும் கிளைகள் உண்டு. தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம் முழு நாட்டுக்குமான பௌதிகத் திட்டத்தை, அதாவது எந்த நிலம் எதற்கு என்ற திட்டத்தைப் பார்க்கிறது. இவை இரண்டும் போக, பலருக்குத் தோன்றாத இடங்கள் நிறைய இருக்கின்றன. தேசிய வீடமைப்பு அதிகார சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், மண்சரிவு வரைபடம் தயாரிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அப்புறம் மாநகர சபைகள், மாகாண சபைகள்.

இலங்கைத் திட்டமிடல் சேவை என்று ஒரு பரீட்சை அறிவித்தல் பார்ப்பீர்கள். பெயரைப் பார்த்து அதுதான் நகரத் திட்டமிடல் வேலை என்று நினைக்க வேண்டாம். அமைச்சுகளிலும் பிரதேச செயலகங்களிலும் அபிவிருத்தித் திட்டங்களையும் நிதியையும் கையாளும் நாடளாவிய சேவை அது, வேறு துறைப் பட்டதாரிகளும் எழுதுவார்கள். எங்கள் பட்டம் உள்ளவர் அதற்கும் போகலாம், போய் நன்றாகச் செய்தவர்களும் உண்டு.

2022 நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுகியது. அரச வேலை வரும்வரை வீட்டில் இருப்பேன் என்ற முடிவு மட்டும் வேண்டாம். ஆலோசனை நிறுவனங்கள், காணி அபிவிருத்தி செய்கிறவர்கள், கட்டடக் கலைஞர் கந்தோர்கள், ஜி.ஐ.எஸ். நிறுவனங்கள் ஆட்களைத் தேடுகின்றன. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பானின் ஜைக்கா, ஐ.நா. வாழ்விடம் போன்றவற்றின் நிதியில் நடக்கும் திட்டங்களில் ஒப்பந்த வேலைகள் வரும். அவை இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துபோகும். ஆனால் கற்பது அதிகம், சம்பளமும் பொதுவாக நல்லது.

கொழும்பில் நடந்தவற்றையும் நடப்பவற்றையும் பார்த்தால் வேலைக்குப் பஞ்சம் இல்லை என்பது விளங்கும். 2010 நவம்பர் வெள்ளம் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வந்தது. அதற்குப் பிறகுதான் சதுப்பு நிலங்களை வெள்ளம் தாங்கும் இடங்களாகப் பாதுகாக்கும் வேலை வேகம் பிடித்தது. 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களுக்கான சர்வதேச ரம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு வீடுகள் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குப்பையை எங்கே கொட்டுவது என்ற தீர்மானமும் திட்டமிடல்தான். மாலபேயிலிருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயில் திட்டம் 2020 இல் கைவிடப்பட்டது, அந்தப் பாதையின் நெரிசல் அப்படியே இருக்கிறது. கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயரிலும் இன்னும் கட்டடங்கள் நிறைந்து முடியவில்லை.

நேர்முகத் தேர்வில் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். இரண்டு பக்கமும் பேசி நழுவ வேண்டாம். ஒரு நிலைப்பாட்டை எடுத்து, காரணத்தையும் எண்ணையும் சொல்லுங்கள்.

எட்டாம் படி: உறுப்புரிமை, மேற்படிப்பு, வெளிநாடு

பட்டம் முடிந்தவுடன் இலங்கை நகரத் திட்டமிடலாளர் நிறுவனத்தில் சேருங்கள். அனுபவம் சேர்ந்த பிறகு முழு உறுப்புரிமைக்குப் போகலாம். செய்த வேலைகளைத் திகதியோடு முதல் நாளிலிருந்தே எழுதி வைத்தால் அந்த விண்ணப்பம் சுலபம், விட்டுவிட்டு ஐந்து வருடத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாடு.

மேற்படிப்புக்கு உடனே ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு வருடமாவது களத்தில் நின்றுவிட்டுப் போனால், என்ன படிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஜி.ஐ.எஸ். பக்கம் விருப்பம் உள்ளவர்களுக்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம், ஆசிய நகரங்களைப் படிக்க தாய்லாந்தின் ஏ.ஐ.டி. (ஆசிய தொழில்நுட்ப நிறுவனம்), வளர்ந்துவரும் நாடுகளின் நகரங்களுக்கு லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகம் நல்ல பெயர் உள்ளவை. கொமன்வெல்த், பிரித்தானிய அரசின் செவெனிங், அவுஸ்திரேலிய விருது, ஜப்பானிய அரசு ஆகியவற்றின் புலமைப்பரிசில்களைப் பாருங்கள்.

வெளிநாட்டில் வேலை என்றால் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா ஒவ்வொன்றிலும் தொழில்முறை நிறுவனம் வேறு, சட்டமும் வேறு. கொழும்பில் பிளான் பாஸ் செய்த அனுபவம் அங்கே நேராகச் செல்லாது. ஜி.ஐ.எஸ்., போக்குவரத்து, வெள்ள அபாயம் போன்ற திறமைகள்தான் எல்லை தாண்டி வரும். போகும் எண்ணம் இருந்தால் மூன்றாம் வருடத்திலேயே அதில் ஒன்றில் ஆழமாக இறங்குங்கள்.

புலமைப்பரிசில் விண்ணப்பங்களில் "ஏன் இந்தத் துறை?" என்று ஒரு பக்கம் கேட்பார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் "நிலையான அபிவிருத்தி" என்று தொடங்குவார்கள். நீங்கள் உங்கள் ஒழுங்கையிலிருந்து தொடங்குங்கள்: எத்தனை அடி அகலம், எத்தனை குடும்பம், மழைக்குத் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது. எனக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதிமுடிக்க மூன்று கிழமை எடுத்தது. முதல் வரியில் அந்த அம்மாவின் மூன்று அடுப்பும் இருந்தது.